குழிக்குள் அடித்த மணி

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். கேபிளை ஒட்டுவது எப்படி என்று எழுத எனக்கு எண்ணமில்லை. முடியைவிட மெல்லிய கண்ணாடி நாரை இரண்டு பக்கமும் வைத்து மூடியை மூடினால், இயந்திரமே ஒட்டிக் கொடுத்துவிடுகிறது. எதை முதலில் ஒட்டுவது, காத்திருப்பவரிடம் என்ன சொல்வது என்பதை மட்டும் அந்த இயந்திரம் சொல்லாது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் அரக்கோணம் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். டிப்ளமோ முடித்து, தொலைபேசி வேலையில் சேர்ந்து, சில ஊர்கள் சுற்றிவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் திருத்தணிக்கு வந்தேன். எனக்குக் கொடுத்தது வெளிவேலை. தெருவில் புதைத்த கேபிள், கம்பம், பெட்டி எல்லாம் என் பொறுப்பு. பெண்களை எக்ஸ்சேஞ்சுக்குள் உட்கார வைப்பதுதான் அப்போது வழக்கம். குழிக்குப் பக்கத்தில் புடவையைச் செருகிக்கொண்டு நிற்கும் அதிகாரியைப் பார்க்கவே முதலில் சிலர் வந்தார்கள். ஒரு மாதத்தில் பழகிவிட்டது, அவர்களுக்கும் எனக்கும்.

சேர்ந்த புதிதில் கனகம்மாசத்திரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். "கேபிள் போய்ட்சிம்மா, ரெண்டு நாளா ஆளுங்க யாரும் வரல" என்றார். எந்த நம்பர் என்று கேட்டேன். நம்பர் இல்லை என்றார். அவர் வீட்டில் போனே கிடையாது. அவர் சொன்னது ஆழ்துளைக் கிணற்றுக்குள் மோட்டாரோடு இறங்கும் கேபிள். அது கருகி, தண்ணீர் ஏறாமல் நெல் காய்ந்துகொண்டிருந்தது. கம்பத்துக்குக் கம்பம் எங்கள் ஆட்கள் ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறார். கேபிள் என்றால் நாங்கள்தான் என்று பஸ் ஏறி வந்துவிட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. வீட்டுக்கு மின்சாரம் வருவது ஒரு கேபிள், டிவிக்கு மொட்டை மாடியிலிருந்து இறங்குவது ஒரு கேபிள், கிணற்றுக்குள் போவது ஒன்று, பேசுவதற்கு ஒன்று. எல்லாம் கறுப்பு உறை. உள்ளே என்ன ஓடுகிறது என்று அவருக்கு ஏன் தெரிய வேண்டும்? பஜாரில் மோட்டார் சரிசெய்யும் கடைக்கு போன் போட்டு ஆள் அனுப்பச் சொன்னேன். அன்றிலிருந்து புகார் சொல்ல வருகிறவரிடம் "எந்த கேபிள்?" என்று நான் கேட்டதில்லை. "வீட்ல என்ன நடக்காம நின்னு போச்சு?" என்றுதான் கேட்பேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஓர் ஆடி மாதம். ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. மலையடிவாரத்தில் பந்தல் கால் நட்டு முடித்திருந்தார்கள். முன்கூட்டியே வரும் காவடிகள் தெருவில் ஆடிக்கொண்டு போயின. கூட்டம் பெருகும் முன் வடிகாலை அகலப்படுத்திவிட வேண்டும் என்று ஒரு ஒப்பந்தக்காரர் பொக்லைன் வைத்து அவசர அவசரமாகத் தோண்டிக்கொண்டிருந்தார். காலை பத்து மணி வாக்கில் அதன் பல் எங்கள் கேபிளில் விழுந்தது.

நான் போனபோது இடுப்பளவு குழி. உள்ளே மூன்று கேபிள்கள் தெரிந்தன. ஒன்று நடுவில் பிய்ந்து, மயிர்க்கற்றை போல் சிலுப்பிக்கொண்டு நின்றது. அது நம்முடையது, இருநூறு ஜோடிக் கம்பி கொண்டது. ஒரு வீட்டு போனுக்கு ஒரு ஜோடி. அடிவாரத் தெருக்கள் பூராவும் அந்தக் கேபிளில்தான் பேசிக்கொண்டிருந்தன. அதை ஒட்டினாற்போல் மின்சாரக் கேபிள் ஒன்று, உறையில் கீறலோடு. மேலாக டிவிக்காரர் புதைத்த மெல்லிய கேபிள் துண்டாகிக் கிடந்தது.

எங்கள் கேபிள் ஒட்டுநர் துளசிராம் என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். இறங்கப் போனவர், கீறலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"கரண்டுக்காரங்க வந்து ஆஃப் பண்ணாத்தான் எறங்குவேன் மேடம்."

"நானும் இறங்க விடமாட்டேன்" என்றேன்.

மின்சார ஆட்கள் வந்து நிறுத்தி, சோதித்துக் காட்டும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. அதற்குள் குழியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. சும்மா நிற்கிறோம் என்று திட்டினார்கள். திட்டட்டும். ஒரு மணி நேரத்துத் திட்டுக்காக ஆளைக் குழியில் இறக்காதீர்கள்.

இதற்கிடையில் மேலதிகாரி வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டார். திருவிழாவுக்கான போலீஸ் கட்டுப்பாட்டு அறை, ஆஸ்பத்திரி, தீயணைப்பு, இவற்றின் இணைப்புகள் முதலில். மற்றவை வரிசைப்படி. சாயங்காலத்துக்குள் முடிய வேண்டும். மேற்கே மேகம் கட்டியிருந்தது. திறந்து கிடக்கும் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கினால், ஒட்டிய இடம் மட்டுமல்ல, கேபிளே வீணாகிவிடும்.

துளசிராம் இறங்கி, நசுங்கிய முனைகளை வெட்டிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். கூட்டத்தில் ஆளுக்கொரு அவசரம். பூஜைப் பொருள் கடைக்காரருக்குச் சரக்கு சொல்ல வேண்டும். சத்திரத்துக்காரருக்கு அறை கேட்டு பம்பாயிலிருந்து போன் வரும். வாத்தியார் ஒருவருக்குப் பெண் பார்க்க வருபவர்கள் வருகிறார்களா இல்லையா என்று தெரிய வேண்டும். எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். "வேலை நடக்குதுங்க, பொறுங்க. வெளியே பேசணும்னா பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போங்க. அது வேற கேபிள், நல்லா இருக்கு."

அவர்களுக்குப் பின்னால் ஒருவர் பேசாமல் நின்றுகொண்டிருந்தார். தோளில் மூட்டை தூக்கும் துண்டு, உடம்பெல்லாம் தவிட்டுத் தூள். கூட்டம் கொஞ்சம் கலைந்த பிறகு கிட்டே வந்தார்.

"அம்மா, நரசிம்மலு மளிகைக் கடை போனு எப்ப வரும்?"

"எல்லாம் சாயங்காலத்துக்குள்ள வந்துடுங்க."

"நான் பேசறதுக்கில்லம்மா. எனக்குப் பேசுவாங்க."

அவர் பெயர் ஏகாம்பரம். திருவாலங்காட்டுக்குப் பக்கத்துக் கிராமம். நரசிம்மலு கடையில் மூட்டை இறக்கும் வேலை. மனைவி கன்னியம்மா. அவளுக்கு ஒரு கண் சின்ன வயதில் அம்மையில் போய்விட்டது. மற்ற கண்ணில் போன வருடம் கரும்பு வெட்டும்போது சோகை இலை கிழித்து, புண்ணாகி, பூ விழுந்துவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. சென்னையில் ஒரு கண் மருத்துவமனையில் காட்டியதில், இறந்தவர் கண்ணிலிருந்து கருவிழியை எடுத்துவைத்தால் பார்வை வரும் என்று சொல்லிப் பதிந்துகொண்டார்கள். கண் கிடைத்ததும் போன் செய்வார்கள், உடனே புறப்பட்டு வர வேண்டும். ஏகாம்பரம் வீட்டில் போன் ஏது? கடை நம்பரைக் கொடுத்திருந்தார். அந்தக் காலத்தில் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான், அடுத்தவர் நம்பரைத் தங்கள் நம்பராக எழுதிக் கொடுப்பார்கள். பி.பி. நம்பர் என்போம்.

"இன்னிக்கே வரும்னு சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சொல்லலம்மா. எப்ப வேணா வரும்னாங்க. ஆறு மாசமா அந்த போனாண்டதான் நின்னுகினு கீறேன். இன்னிக்குன்னு பார்த்து அது செத்துக் கெடக்குது."

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? ஆறு மாதமாக வராத அழைப்பு இந்த ஆறு மணி நேரத்தில் வரவா போகிறது என்று எனக்குத் தோன்றியது. இவருக்கு முதலில் ஒட்டினால் சுற்றியிருக்கும் அத்தனை பேரும் அவரவர் கதையைச் சொல்வார்கள். எது நிஜம், எது ஜோடனை என்று நான் எங்கே போய் விசாரிப்பது? மேலதிகாரியின் உத்தரவு வேறு. அவரிடமும் "பொறுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, தோண்டிப்போட்ட மண்மேட்டில் போய் உட்கார்ந்தார்.

அப்போதுதான் குழிக்குள் துளசிராம் கையை உதறினார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல மேடம். மணி கடிக்குது."

உங்களில் பலருக்கு இது தெரியாது. கண்ணாடி நாரில் ஒளிதான் ஓடும், யாரையும் கடிக்காது. எங்கள் செம்புக் கம்பியில், ஒரு வீட்டுக்கு அழைப்பு வந்தால் மணியை அடிக்க எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு மின்சாரம் வரும். உறை நீங்கிய கம்பியில் அந்த நேரம் விரல் பட்டால் தேள் கொட்டினாற்போல் சுருக்கென்று இருக்கும். உயிருக்கு ஆபத்தில்லை. ஒட்டுநர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் உதறினார். "இன்னாத்துக்கு இன்னிக்கு இத்தினி பேரு போன் போடறாங்களோ" என்றார்.

போன் செத்துவிட்டது என்று குழியைச் சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். செத்தது குழியிலிருந்து வீடுகளுக்குப் போகும் பக்கம்தான். எக்ஸ்சேஞ்ச் பக்கம் ஒவ்வொரு கம்பியிலும் உயிர் இருந்தது. அழைப்புகள் குழிவரை வந்து, முனையில் முட்டி நின்றுகொண்டிருந்தன. சென்னையிலிருந்தோ பம்பாயிலிருந்தோ அழைப்பவருக்கு கேபிள் வெட்டுப்பட்டது தெரியாது. அவர் காதில் மணி அடிக்கிற சத்தம் ஒழுங்காகக் கேட்கும். யாரும் எடுக்கவில்லை, வீட்டில் ஆளில்லை என்று நினைத்து வைத்துவிடுவார்.

மண்மேட்டில் இருந்த ஏகாம்பரத்தைப் பார்த்தேன். "துளசி, கடைக்காரர் ஜோடியைத் தேடி எடுக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"இப்ப ஒட்டணுமா மேடம்? கன்ட்ரோல் ரூம் பாதியில கீது."

"ஒட்ட வேணாம். எக்ஸ்சேஞ்ச் பக்கத்து முனையில ஒரு போனை மாட்டிடலாம். கடைக்கு வர்ற போன் இங்க அடிக்கட்டும்."

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "ஆங், மாட்டலாமே" என்றார்.

இது பெரிய கண்டுபிடிப்பில்லை. சோதனைக்காகத் தினமும் செய்கிற காரியம்தான். எக்ஸ்சேஞ்சில் சோதனை மேஜையில் இருந்த சாந்தியைக் கூப்பிட்டுக் கடை நம்பருக்கு எத்தனையாவது ஜோடி என்று கேட்டோம். துளசிராம் நிறத்தை வைத்துக் கற்றைக்குள்ளிருந்து அதை உருவினார். என் ஜீப்பில் பழுது பார்த்த போன் ஒன்று கிடந்தது. அதை மாட்டி, குழியோரம் ஒரு செங்கல் மேல் வைத்தோம். காதில் வைத்தால் கொர்ரென்று டயல் சத்தம். துளசிராம் கட்டுப்பாட்டு அறை வேலைக்குத் திரும்பினார்.

ஏகாம்பரம் மேட்டிலிருந்து இறங்கி வந்து, அந்த போன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. அவர் எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீங்களே பேசுங்கம்மா."

எடுத்தேன். "இன்னா நரசிம்மலு, காலையிலேருந்து போனை எடுக்க மாட்டேன்ற? பச்சரிசி ஏத்தி விடட்டுமா வேணாமா?" என்று ஒரு குரல் அதட்டியது. நான் யாரென்று சொன்னேன். குழியிலிருந்து பேசுகிறேன் என்றதும் அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. "குழியில இன்னாம்மா பண்ற?" என்றார். கூட்டம் சிரித்தது. ஏகாம்பரம்கூடச் சிரித்தார். பச்சரிசி சமாசாரத்தைக் கடைக்காரரிடம் சொல்ல ஆள் போயிற்று.

அதோடு மற்றவர்களும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சத்திரத்துக்காரர் கிட்டே வந்தார். "அவனுக்கு மட்டும் மாட்டினீங்க, எனக்கும் பம்பாய்லேருந்து வரும்னு சொன்னேனே." வாத்தியாரும் வந்தார். எதிர்பார்த்ததுதான். ஆனால் இப்போது எனக்கு ஒரு பிரிவு தெளிவாகத் தெரிந்தது. பேச வேண்டியவர்களுக்குப் பஸ் ஸ்டாண்டு பூத் இருக்கிறது. தங்களுக்கு வரும் அழைப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பவர்களுக்கு இந்தக் குழியை விட்டால் வேறு வழியில்லை. யாருடைய அவசரம் பெரியது என்று நான் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒன்றைப் பிரித்தால் போதும்.

"போன் வரும்னு காத்திருக்கறவங்க மட்டும் இருங்க. மத்தவங்க பூத்துக்குப் போங்க" என்றேன்.

மிஞ்சியவர்கள் ஏழெட்டுப் பேர்தான். ஸ்டோரிலிருந்து பழைய போன்களை எடுத்துவரச் சொன்னேன். டீக்கடைக்காரர் தன் பெஞ்சைக் கொடுத்தார். பெஞ்சில் வரிசையாக போன்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய ஒயர் குழிக்குள் இறங்கியது. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவர். துளசிராமுக்குத்தான் சிரமம். போன் மாட்டிய ஜோடிகளைத் தொட முடியாது, ஒதுக்கிவைத்துவிட்டு மற்றதை ஒட்ட வேண்டும். "அப்ப இவங்களுது கடைசிலதான் ஒட்டுவேன்" என்றார். "கடைசிலயே ஒட்டுங்க" என்றேன். அவசரம் அதிகமாக இருந்தவர்களின் இணைப்பு அன்று கடைசியாகத்தான் ஒட்டப்பட்டது. ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

வாத்தியாருக்கு அழைப்பு வந்தது. பெண் பார்க்க வருகிறார்களாம். பெஞ்சே சந்தோஷப்பட்டது.

மதியத்துக்கு மேல் கடை போன் மீண்டும் அடித்தது. அரிசிக்காரராக இருக்கும் என்று எடுத்தேன். ஒரு பெண் குரல். கண் மருத்துவமனையின் பெயரைச் சொல்லி, கன்னியம்மாவின் வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று கேட்டது.

இருக்கிறார் என்றேன். அந்தக் குரல் கொஞ்சம் கடுமையாயிற்று.

"காலையிலேருந்து எத்தனை தடவை போட்டேன் தெரியுமா? மணி அடிக்குது, எடுக்க ஆளில்லை. விருப்பமில்லையோன்னு நினைச்சு அடுத்தவங்களைக் கூப்பிட்டாச்சு. அவங்க புறப்பட்டும் வந்துட்டாங்க."

ஏகாம்பரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேபிள் வெட்டுப்பட்டதை, அவர் காலையிலிருந்து இந்தக் குழியோரம் உட்கார்ந்திருப்பதை, முடிந்தவரை சுருக்கமாகச் சொன்னேன்.

"அப்படியா" என்றது குரல், இப்போது மெதுவாக. "ஒரு கண்ணுதான் அவங்களுக்குப் போகுது. இன்னொரு கண்ணு இருக்கு. அதுக்கு வேற பேரைப் பார்க்கறதுக்கு முன்னாடி, கடைசியா ஒரு தரம் போட்டுப் பார்க்கலாம்னுதான் போட்டேன். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அழைச்சிட்டு வர முடியுமா?"

ஒருவர் இறந்தால் இரண்டு பேருக்குப் பார்வை கிடைக்கும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. "வருவாங்க" என்றேன். ஏகாம்பரத்திடம் போனைக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆங்... ஆங்... ஆங்க" என்று மட்டும் சொன்னார். வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. துளசிராம் குழியிலிருந்து, "எழுந்து ஓடுய்யா, ரயில் இன்னா உனக்காக நிக்குமா?" என்றார்.

கடைக்காரர் நரசிம்மலு அதற்குள் சேதி கேட்டு வந்துவிட்டார். பருத்த மனிதர், வீட்டில் தெலுங்கு பேசுபவர். திருவிழாச் சமயம், கடையில் வியாபாரம் நெரிந்தது. கடையை மூடச் சொல்லிவிட்டுத் தன் ஸ்கூட்டரைக் கொண்டுவந்தார்.

"குந்து நைனா, பின்னால குந்து. அந்தப் பொண்ணைக் கூட்டிகினு அப்படியே திருவாலங்காட்டுல ரயில் ஏத்தி விட்டுடறேன்."

"கடைண்ணா?"

"கடை எங்க போவுது? குந்து."

ஸ்கூட்டர் காவடிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போயிற்று.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் மேலதிகாரியின் ஜீப் வந்தது. பெஞ்சு, போன்கள், சுற்றி உட்கார்ந்திருந்த ஜனம் எல்லாவற்றையும் பார்த்தார். கட்டுப்பாட்டு அறை, ஆஸ்பத்திரி, தீயணைப்பு மூன்றும் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தன. ஆனாலும் முகம் சிவந்துவிட்டது.

"இது என்ன, கடை போட்டிருக்கீங்க? யார் சொன்னது?"

"நான்தான் சார்."

காரணத்தைச் சொன்னேன். வேலை எத்தனை நேரம் தாமதமாகும் என்று கேட்டார். அரை மணி நேரம் இருக்கும் என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் பெஞ்சில் ஒரு போன் அடித்தது. அதற்குரிய சத்திரத்துக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். மேலதிகாரிதான் பக்கத்தில் நின்றார், எடுத்தார். "இல்லைங்க, அவர் டீ குடிக்கப் போயிருக்கார். இருங்க, கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "மழை வருது. தார்ப்பாய் எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார். கண்டிப்போ பாராட்டோ, அதற்கு மேல் அவர் எப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

மழை வந்தது. காத்திருந்தவர்களே தார்ப்பாயின் நாலு முனையையும் குழிக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். காலையில் எங்களைத் திட்டியவர்களும் அதில் உண்டு. வெளிச்சம் மங்கும் முன் துளசிராம் கடைசி ஜோடியை ஒட்டி, மூடி, மேலே ஏறி வந்தார். இரண்டு கை விரல்களும் ஊறி வெளுத்திருந்தன. டீக்கடைக்காரர் அவருக்கு டம்ளரைத் தானே பிடித்துக் குடிக்க வைத்தார்.

மறுநாள் மத்தியானம் ஏகாம்பரம் சென்னையிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு போன் செய்தார். ஆபரேஷன் முடிந்துவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றார். கட்டுப் பிரித்த பிறகும் உடனே எல்லாம் தெரியவில்லை. தையல் ஆறி, சொட்டு மருந்து விட்டு, கண்ணாடி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. ஆனால் வந்தது.

அந்தத் திருவிழா முடிந்ததும் நான் செய்த முதல் காரியம், சாந்தியோடு உட்கார்ந்து ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியது. எங்கே கேபிள் வெட்டுப்பட்டாலும், மண்வெட்டியை எடுக்கும் முன், பாதிக்கப்பட்ட நம்பர்களுக்கு அழைப்பவர் காதில் வெறும் மணி அடிக்காமல், "இணைப்பு பழுதாகியுள்ளது" என்ற அறிவிப்பு கேட்கும்படி எக்ஸ்சேஞ்சில் மாற்றிவிட வேண்டும். அந்த வசதி முன்பே இருந்தது, அவசரத்தில் யாரும் பயன்படுத்துவதில்லை. அறிவிப்பைக் கேட்டால், அழைப்பவர் வேறு வழியில் சேதி சொல்லப் பார்ப்பார். உங்கள் ஃபைபரில் ஒரு வெட்டுக்கு ஆயிரக்கணக்கான வீடுகள் போய்விடும். அந்தப் பக்கம் இருப்பவருக்கு என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இயந்திரத்தைத் திறங்கள்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆனபின், ஒரு நாள் காலை என் அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தடித்த கண்ணாடி, கையில் ஒயர் கூடை. என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "குழியாண்ட இருந்த மேடம் நீங்கதானுங்களா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"நான் கன்னியம்மாங்க. எங்க வூட்டுக்காரர் சொன்னதுல பெரிய வயசுக்காரங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்."

தனியாகவா வந்தாய் என்று கேட்டேன். பஸ்ஸில் பெயர்ப் பலகை படிக்கத் தெரியாது, நிறத்தைப் பார்த்து ஏறி வந்தேன் என்றாள். உட்காரச் சொல்லி, என்ன விஷயம் என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்கு ஒரு போன் வேணுங்க."

அப்போது கிராமங்களுக்கும் இணைப்பு தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆனால் அவள் வீடு ஊர்க் கடைசியில், கரும்புக் கொல்லைக்கு அப்பால். நிறையக் கம்பம் நட வேண்டும். செல்போன் வந்துகொண்டிருக்கிறதே, கொஞ்ச நாள் பொறுக்கக் கூடாதா என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"பொறுக்க முடியாதுங்க. போன மாசம் எங்க ஊர்ல ஒரு பெரியவர் செத்துட்டாரு. கண்ணைக் குடுங்கன்னு அவங்க பசங்களாண்ட நான்தான் பேசினேன். ஒத்துகினாங்க. ஆஸ்பத்திரிக்குச் சொல்லலாம்னா ஊர்ல போன் கெடைக்கல. சைக்கிள்ல ஆள் அனுப்பி, அவங்க வர்றதுக்குள்ள கண்ணு எடுக்கற நேரம் கடந்துபோச்சி. ரெண்டு கண்ணும் மண்ணுக்குள்ள போய்ட்சி." கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். "சுத்துப்பட்டு ஊர்ல யார் செத்தாலும் எனக்குச் சொல்லுங்கன்னு சொல்லி வெச்சிக்கிறேன். எங்க போன் பண்ணுவாங்க? நம்பர் வேணுமில்ல?"

மனுவை நானே எழுதினேன். அவள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டிருந்தாள். மூக்கு காகிதத்தில் படுமளவு குனிந்து, மெதுவாகப் போட்டாள்.

கம்பம் நடும் வேலைக்குத் துளசிராமே வந்தார். அவருக்கு ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. கேபிள் பெட்டியிலிருந்து கடைசிக் கம்பம் வரைக்கும், அங்கிருந்து அவள் வீட்டுக் கூரை வரைக்கும் கறுப்பு ஒயரை இழுத்துக் கட்டினோம். கடைக்காரர் நரசிம்மலுவும் பார்க்க வந்திருந்தார். வேலை முடிந்ததும் சோதனை அழைப்புப் போடும்படி சாந்தியிடம் சொன்னோம்.

போன் புதிது, சுவரோரம் ஒரு ஸ்டூலில் இருந்தது. கன்னியம்மா அதன் எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஏகாம்பரம் வாசலில் நின்றார். மணி அடித்தது. முதல் மணி அடித்து முடிவதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க, யார் வூட்ல சாவு?" என்றாள்.